கூட்டினால் எட்டு

ஐம்பத்தேழு வயதில் எனக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டதாக என் சொந்தக்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். பதினாலு வயதிலேயே பிடித்துவிட்டது. ஐம்பத்தேழில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ஒரு நகைக்கடை வாசலில் அந்தக் கார் நிற்கும். இரண்டே கதவு. முன்பக்கம் நீளம், பின்பக்கம் கட்டை. மஞ்சள் நிறம், மேலே நடுவாக இரண்டு கறுப்புக் கோடு. அதை ஸ்டார்ட் பண்ணினால் நகைக்கடைக் கண்ணாடி அதிரும். என் வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் நின்று கேட்பேன். அப்படி நின்றதில் ஒருநாள் டியூஷனுக்குப் பிந்திப் போய், வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மசில் கார் என்ற பெயரெல்லாம் அப்போது தெரியாது. இந்த மாதிரி ஒன்று எனக்கு வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, கல்யாணம், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், ஒரு மகள். மகள் படித்து மெல்பேர்னுக்குப் போனாள். நான் ஒரு சின்ன வெள்ளைக் கார் ஓட்டினேன். அதற்குச் சத்தமும் இல்லை, குணமும் இல்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு பஸ் வந்தால் போதும். அவர் பஸ்ஸைப் பார்க்கமாட்டார், அதன் இலக்கத் தகட்டைப் பார்ப்பார். எல்லா இலக்கத்தையும் கூட்டி ஒற்றை எண்ணாக்குவார். ஐந்து வந்தால் முகம் மலரும். எட்டு வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார், மழை பெய்தாலும் நிற்பார்.

எட்டு சனியின் எண் என்பது எங்கள் ஆட்களிடம் பொதுவாக உள்ள பயம்தான். ஃபோன் நம்பர் எடுத்தாலும் வீடு வாங்கினாலும் கூட்டிப் பார்ப்பவர்கள் வெள்ளவத்தையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் இவருடைய பயம் அப்படிக் கேள்விப்பட்டு வந்ததில்லை. இவருடைய அண்ணனின் மோட்டார் சைக்கிள் எண் கூட்டினால் எட்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு மழை நாளில் அண்ணன் ஓட்ட, இவர் பின்னால் இருந்து போனார். லொறி ஒன்று குறுக்கே வந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவர் முழங்காலில் ஒரு தழும்போடு வீட்டுக்கு வந்தார். அப்போது இவருக்குப் பத்தொன்பது வயது. அதனால் எட்டைப் பற்றி நான் வீட்டில் பகிடி விடுவதில்லை. சிரிப்பு வந்தால் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, காலி வீதியில் போகிற வாகனங்களை எல்லாம் கூட்டத் தொடங்கினார். காலையில் நான் வேலைக்குப் போகும்போதும் அதே கதிரை, பின்னேரம் திரும்பும்போதும் அதே கதிரை. எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. மனிதர் அப்படியே கதிரையோடு கதிரையாக ஆகிவிடுவாரோ என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் கார் திரும்பவும் மனதுக்குள் வந்து நின்றது. பழைய கார் ஒன்றை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எடுக்க வேண்டும். அதை நான் ஓட்ட வேண்டும், இவர் என் இடப்பக்கத்தில் இருந்து வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மசில் கார் எண்டால் என்ன?"

"பெரிய எஞ்சின் போட்ட கார். அமெரிக்காவில செய்தது. எட்டு சிலிண்டர்."

"எட்டோ?"

"பயப்பிடாதேங்கோ. அது எங்களுக்குக் கட்டாது" என்றேன்.

கட்டாதுதான். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. கிழட்டுக் கார்களுக்கும் மாப்பிள்ளை மவுசு வந்திருந்தது. கொழும்பில் உள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய அமெரிக்கக் கார்கள், பணக்காரர் வீட்டுக் கராஜ்களில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. எங்கள் கைக்கு எட்டக்கூடியது எழுபதுகளில் வந்த ஜப்பான் கூபே. அதே நீள மூக்கு, அதே இரண்டு கதவு, எஞ்சின் மட்டும் சின்னது. நாலு சிலிண்டர் என்றேன். "நாலு பரவாயில்லை" என்றார். அடுத்த நாளே கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என் வெள்ளைக் காரை வருடக்கணக்காகப் பார்த்தவர். அவரிடம் யோசனை கேட்கப் போனோம். "மேடம், எஞ்சின் போனா வேற எஞ்சின் போடலாம். கதவு போனா கதவு போடலாம். அடித்தகடு துருப் பிடிச்சுப் போனா ஒண்ணும் பண்ண ஏலாது. காச கடல்ல கொட்டுற மாதிரிதான். மின்னுற காருக்கு ஏமாறாதீங்க, காந்தம் கொண்டு போங்க" என்றார். தகட்டில் காந்தம் ஒட்டும், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியில் ஒட்டாது.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே காந்தம், மகள் மெல்பேர்னிலிருந்து கொண்டுவந்து குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்ட கங்காரு. கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் கார் கல்கிசையில். இரத்தச் சிவப்பு, முகம் பார்க்கலாம் போல மினுக்கம். விற்றவர் கணினி வேலை பார்க்கும் ஓர் இளைஞர். கணவர் கதவின் கீழ்ப்பக்கம் கங்காருவை வைத்தார். விழுந்தது. மட்கார்டில் வைத்தார். விழுந்தது. பின் சில்லுக்கு மேலே வைத்தார். அங்கேயும் விழுந்தது. அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அன்ரி, மேலால பாருங்கோவன். ஏன் கீழயே பாக்கிறீங்க?" என்றான். கல்கிசைக் கடற்காற்று தின்று முடித்த காரைப் பட்டியால் பூசி, அதற்கு மேல் சிவப்படித்து வைத்திருந்தார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது, கொட்டாஞ்சேனையிலேயே. அதில் கங்காரு நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது. வில்லங்கம் பேப்பரில் இருந்தது. உரிமையாளர் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்த பத்திரம். எங்கள் ஊரில் அப்படிக் கைமாறும் வாகனம் ஏராளம். இதில் கையெழுத்துப் போட்டவர் கனடாவில் செத்துப்போய் வருடக்கணக்காகி, பிள்ளைகள் சொத்துக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கதைகளைப் புதுக்கடையில் மூன்று மொழியிலும் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது. நாலாவது தரம் சொந்தக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது கார் கொம்பனித்தெருவில் இருந்தது. விற்றவர் ஒரு முஸ்லிம் பெரியவர், தெருவுக்கே நானா, அதாவது அண்ணன். தையல்காரர்களுக்கு நூலும் பொத்தானும் விற்ற கடைக்காரர். அவர்களுடைய வீடு இருந்த வரிசையை உடைத்து மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். அவருக்குக் கிடைத்த புது வீட்டில் கார் விட இடமில்லை. அதனால்தான் விற்கிறார். தகரக் கொட்டிலுக்குள், மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு, பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு கார் நின்றது. வெளிறிப்போன பச்சை. ஆனால் நீள மூக்கு, கட்டைப் பின்பக்கம், இரண்டு கதவு. எனக்குப் பதினாலு வயது ஆகிவிட்டது.

கங்காரு வைத்த இடமெல்லாம் ஒட்டியது. கணவர் ஒரு காட்போட் மட்டையை விரித்து, டோர்ச்சோடு காருக்கு அடியில் போய்விட்டார். அயர்ன் பண்ணாத கைலேஞ்சியைக்கூடச் சட்டைப்பையில் வைக்காத மனிதர், முதுகெல்லாம் தூசியோடு வெளியே வந்தார். "இஞ்ச வந்து பாருமப்பா, கறளே இல்லை, ஒரு பொட்டுத் துருவும் இல்லை!" என்றார். மகளின் பரீட்சை முடிவு வந்த அன்றைக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

பெரியவர் பின்பக்க விரிப்பை அப்போதுதான் இழுத்து எடுத்தார். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, நடுவே சிங்கள ஸ்ரீ போட்ட பழைய நம்பர். ஒரு காலத்தில் எங்கள் பெரியவர்கள் அந்த எழுத்தோடு சண்டை பிடித்துத் தார் பூசினார்கள். என் கணவருக்கு எழுத்தோடு ஒரு கோபமும் இல்லை. அவர் இலக்கத்தைப் பார்த்தார். ஸ்ரீக்குப் பின்னால் உள்ள நாலு இலக்கத்தையும் கூட்டினால் பதினொன்று. முன்னால் நின்ற ஆறையும் சேர்த்தார்.

"பதினேழு" என்று மெதுவாகச் சொன்னார். ஒன்றும் ஏழும் எத்தனை என்று எனக்குத் தெரியும். அந்த மலர்ந்த முகம் என் கண்ணுக்கு முன்னாலேயே அணைந்துபோயிற்று.

பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, உங்கட ஆக்கள் இதோட நாலு பேர் வந்து பாத்தாச்சி. எல்லாரும் பின்னுக்குப் போய்ப் பாத்த ஒடன முகம் மாறிப் போறாங்க. காருக்கு ஏதும் கொற ஈக்கா? அதான் நானும் வெலயக் கொறச்சிக் கொறச்சி வாறன்" என்றார்.

சும்மா இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. "கார்ல ஒரு குறையும் இல்லை நானா. நம்பரைக் கூட்டினால் எட்டு. எங்கட ஆக்களுக்கு அது பயம்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எட்டா? அஞ்சு புள்ளையளயும் இதுலதான் ஸ்கூலுக்குக் கொண்டு போன. அஞ்சும் நல்லா ஈக்கிதுகள், அல்ஹம்துலில்லாஹ்! பரவால்ல, சொன்ன வெல சொன்னதுதான். எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவர் சொன்னார்: "நீர் வாங்கும். இதைவிட நல்ல கார் இந்த விலைக்கு அம்பிடாது. ஆனா நான் ஏற மாட்டன்."

"ஏறாமல்? ஆருக்கு இந்தக் கார்?"

"ஏற மாட்டன் எண்டால் ஏற மாட்டன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் போய்க் காரை வாங்கினேன். திருத்தி முடிய மனம் மாறும், இந்த மனிதரை எனக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கார் கொட்டாஞ்சேனைக் கராஜுக்குப் போயிற்று. அடுத்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் நல்ல வருடம். கணவர் காலையில் பஸ் எடுத்துக் கராஜுக்குப் போவார். பஸ் எண் பார்த்துத்தான். நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவார், குரோம் துண்டுகளைத் தேய்ப்பார். பழைய உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்குவார். கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசத் தெரியாதவர், "மல்லி, டிக்கக் அடு கரன்ன" என்று சிங்களத்தில் கெஞ்சி விலை குறைத்துக் காபரேட்டர் வாங்கிவந்த கதையை ஒரு கிழமைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் நகத்தில் கிரீஸோடு வந்து, வயிறாறச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினார். பல்கனிக் கதிரையில் நான் உடுப்புக் காயப்போடத் தொடங்கினேன்.

ஆனால் எல்லாவற்றையும் காருக்கு வெளியே நின்றுதான் செய்தார். கியர்த் தண்டைப் பூட்டும்போது வாசலில் முழங்காலில் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டினார். இடப்பக்கச் சீற்றுக்கு மண்ணிற ரெக்சீன் தேர்ந்தெடுத்தவர் அவர். தைக்கக் கொடுத்து வாங்கியவரும், நாலு போல்ட்டையும் பூட்டியவரும் அவரே.

"சார், ஒருக்கா ஒக்காந்து பாருங்களேன், ஆடுதான்னு" என்றார் மெக்கானிக்.

கணவர் கையால் இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "ஆடேல்லை" என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் எத்தனை தரம் திட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

பெயின்ற் அடிக்கிற செலவு எங்களுக்குக் கட்டாது. அதனால் பச்சையையே தேய்த்துத் துடைத்து விடுவதாக முடிவு செய்தோம். கடைசிக் கிழமையில் நான் போனபோது, கார் மூக்கிலிருந்து பின்பக்கம் வரைக்கும் நடுவாக இரண்டு கறுப்புக் கோடு ஓடியது. கணவர் அடிமட்டம் வைத்து அளந்து, டேப் ஒட்டி, மெக்கானிக்கைக் கொண்டு அடிப்பித்திருந்தார். நகைக்கடை வாசல் கதையைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் சொன்ன ஞாபகம். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சந்தோசம் வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. இவ்வளவும் செய்கிற மனிதர் அதில் ஏறி இருந்தால்தான் என்ன?

காரை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை அவரே பார்த்துத் தந்தார். நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தார். நான் ஏறி இருந்து இடப்பக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டேன். அவர் அதை மெதுவாகச் சாத்தினார்.

"நீர் போம். நான் பின்னால வாறன்."

திரும்பிப் பார்த்தால் ஒரு முச்சக்கரவண்டி நிற்கிறது. கூட்டினால் ஐந்து வருகிற வண்டி கிடைக்கும்வரை இரண்டு வண்டிகளை விட்டிருக்கிறார் என்று மெக்கானிக் பிறகு சொன்னார். இப்படித்தான் எங்கள் ஊர்வலம் புறப்பட்டது. நீள மூக்குப் பச்சைக் காரில் தனியாக நான். பின்னால் முச்சக்கரவண்டியில், தலையை வெளியே நீட்டிக்கொண்டு அவர். எஞ்சின் உறுமியது. கோட்டைப் பக்கம் நடைபாதையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்துநாலு வருடம் காத்திருந்த சத்தம் அது. எனக்கு அதில் பாதிச் சந்தோசம்தான் இருந்தது. மற்றப் பாதி கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரிந்துகொண்டு வந்தது.

காலிமுகத்திடலை நெருங்கும்போது வெப்ப முள் மேலே ஏறத் தொடங்கியது. ஓரங்கட்டினேன். நான் இறங்குமுன் அவர் ஓடிவந்துவிட்டார், கையில் ஒரு கான் தண்ணீர். அதை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். காரின் மூக்கைத் திறந்தார். தண்ணீர்க் குழாயின் கிளிப் கழன்றிருந்தது. ஸ்குரூ டிரைவரும் சட்டைப் பையில் இருந்தது. முறுக்கிவிட்டு, "ஆறட்டும்" என்றார். கடற்பக்கச் சுவரில் போய் இருந்தோம். முச்சக்கரவண்டிக்காரர் ஒரு சரை கடலை வாங்கித் தின்றுகொண்டு காத்து நின்றார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "ஒரு வருஷமா இந்தக் காரைத் தொட்டுத் தடவிப் பாத்தீங்கள். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே. பிறகென்ன பயம்?" என்று கேட்டேன்.

"எனக்கு நடக்குமெண்டு ஆர் சொன்னது?" என்றார்.

முழங்காலைத் தடவிக்கொண்டார். "அண்ணன் அந்த மோட்டர் சைக்கிள்ல ஒவ்வொரு நாளும் தனியப் போய் வந்தவன். ஒண்டும் நடக்கேல்லை. அண்டைக்கு நான் ஏறினன். நானும் எட்டுத்தானே? பதினேழாம் திகதி பிறந்தனான். எட்டோட எட்டுச் சேந்தால் ஓட்டுறவைக்குத்தான் நடக்கும். ஏறினவனுக்கு ஒண்டும் நடக்காது. முழங்காலில ஒரு காயத்தோட வருவான்."

பிறகு, "ஓட்டுறது நீர்" என்றார்.

அவர் பிறந்த திகதி எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருடமும் கேக் வாங்குகிறவள் நான். ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. முப்பது வருடமாக ஊரார் சொல்வதை எல்லாம் நீதவானுக்குப் பிசகில்லாமல் விளக்கிச் சம்பளம் வாங்கியவள், சொந்தப் புருசன் சொன்ன "ஏற மாட்டன்" என்ற ஒரு சொல்லை ஒரு வருடமாகப் பிழையாக விளங்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது. கடற்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"அண்டைக்கு அண்ணன் ஏன் உங்களை ஏத்தினவர்?" என்று கேட்டேன்.

"மழை. பஸ்ஸுக்கு நிண்டு நனைஞ்சு போடுவன் எண்டு."

"அவருக்குத் தம்பி நனையக்கூடாது. அவ்வளவுதான். கூட்டிப் பாத்தே ஏத்தினவர்?"

அவர் குனிந்து நகத்துக்குள் இருந்த கிரீஸைச் சுரண்டினார்.

"இஞ்சருங்கோ. முப்பத்திரண்டு வருஷமா ஒரு எட்டு எனக்குப் பக்கத்தில படுத்து எழும்புது. நான் இருக்கிறன்தானே? குண்டாக வேற இருக்கிறன். என்னை இந்தக் காரில தனிய விட்டிட்டுப் பின்னால வாறதுதான் எனக்குக் கெட்டது."

அவர் எழுந்து போய்க் காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிப் போச்சு" என்றார். கானில் இருந்த தண்ணீரை ஊற்றி மூடினார். நான் போய் ஸ்டியரிங்கில் இருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். முச்சக்கரவண்டியை நோக்கி நடந்துபோனார். எனக்கு மனம் விழுந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார். முச்சக்கரவண்டி திரும்பிக் கோட்டைப் பக்கம் போயிற்று.

இடப்பக்கக் கதவு திறந்தது. தான் தேர்ந்தெடுத்த மண்ணிற ரெக்சீனில், தான் பூட்டிய சீற்றில், ஒரு காலை வைத்து, பிறகு மற்றக் காலை எடுத்து, மெதுவாக இருந்தார். கதவைச் சாத்தினார். இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"சீற் ஆடுதப்பா" என்றார்.

"ஆடட்டும்" என்று சொல்லிக் கியரைப் போட்டேன்.